பேசுற தூரத்துல நின்னு ஒரு போர்ட்ரெய்ட்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்துக்கு மாற்றி, படிக்க வசதியாகச் சற்றே திருத்திய வடிவம்.)

இன்னைக்கு கோடிங் கிடையாது, ஏஐ கிடையாது, வேலை மாறுறதைப் பத்தின புலம்பலும் கிடையாது. கேமரா. அதுலயும் ஒரே ஒரு விஷயம்தான்: தெருவுல இருக்கிறவங்களை வைட் ஆங்கிள் லென்ஸ்ல போர்ட்ரெய்ட் எடுக்கிறது.

சென்னையில எந்த கேமரா கடைக்குப் போய் "போர்ட்ரெய்ட் எடுக்க ஒரு லென்ஸ் வேணும்ணே"ன்னு கேட்டாலும், அவர் கை நேரா 85 எம்எம் பக்கம்தான் போகும். பட்ஜெட் கம்மின்னு சொன்னா 50. அதுல தப்பே கிடையாது. முகம் நல்லா வரும், பின்னாடி இருக்கிறதெல்லாம் வெண்ணெய் மாதிரி உருகிடும். கல்யாண ஆல்பத்துக்கு அதுதான் சரி. ஆனா வார இறுதியில பாரிமுனை, மயிலாப்பூர், மந்தைவெளின்னு நான் சுத்துறப்ப என் கேமராவுல மாட்டியிருக்கிறது 28 எம்எம். மூணு வருஷமா அது ஒண்ணுதான். இதைச் சொன்னதுமே ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "டேய், மூக்கு பெருசா வருமே?"

வரும். ஆனா அதுக்குக் காரணம் லென்ஸ் கிடையாது. இந்த ஒரு விஷயத்தை முதல்ல தெளிவு பண்ணிடலாம், ஏன்னா யூடியூப்ல பாதி வீடியோ இதைத் தப்பாதான் சொல்லுது.

முகம் எப்படித் தெரியும்கிறதை முடிவு பண்றது தூரம் மட்டும்தான். ஒரு சின்னக் கணக்கு போடுவோம், இன்ஜினியரிங் படிச்ச பாவத்துக்கு. மூக்கு நுனியில இருந்து காது வரைக்கும் ஆழம் தோராயமா 12 சென்டிமீட்டர்னு வச்சுக்கங்க. கேமரா மூக்குல இருந்து 30 சென்டிமீட்டர்ல இருந்தா, காது 42 சென்டிமீட்டர்ல இருக்கும். 42ஐ 30ஆல வகுத்தா 1.4. அதாவது காதோட ஒப்பிட்டா மூக்கு 40 சதவீதம் பெருசா பதிவாகும். அதே ஆளுகிட்ட இருந்து ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்க, வித்தியாசம் 12 சதவீதமா இறங்கிடும். மூணு மீட்டர்னா 4 சதவீதம். இந்தக் கணக்குல எங்கயாவது லென்ஸோட எம்எம் வந்துச்சா? வரல. ஒரே இடத்துல நின்னு 28லயும் 85லயும் எடுத்துட்டு, 28ல எடுத்ததை வெட்டிப் பாருங்க. முகம் ஒரே மாதிரிதான் இருக்கும், பிக்சல்தான் கம்மியா இருக்கும்.

செல்ஃபியில மூக்கு பெருசாத் தெரியுதுன்னு சொல்றதும் இதே கதைதான். 2018ல முக அறுவை சிகிச்சை பத்தின ஒரு அமெரிக்க மருத்துவ இதழ்ல இதைக் கணக்கு போட்டே காட்டினாங்க. ஒரு அடி தூரத்துல எடுத்த படத்துல, அஞ்சு அடியில எடுத்ததைவிட மூக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமாத் தெரியும். மூக்கை ஆபரேஷன் பண்ணிக் குறைக்கணும்னு செல்ஃபியைக் காட்டிக் கேக்குறவங்களுக்குச் சொல்றதுக்காக போட்ட கணக்கு அது. கையை இன்னும் கொஞ்சம் நீட்டினா போதும், ஆபரேஷன் மிச்சம்.

சரி, அப்போ தூரம்தான் விஷயம்னா தள்ளி நின்னு எடுத்துட்டுப் போலாமே, வைட் எதுக்குன்னு கேப்பீங்க. இன்னைக்குப் பேச வந்ததே அதைத்தான்.

ஒருத்தரைத் தலையில இருந்து இடுப்பு வரைக்கும் எடுக்கணும்னா, ஃப்ரேம்ல மேல கீழ ஒரு 90 சென்டிமீட்டர் வேணும். ஃபுல் ஃப்ரேம் கேமராவைப் படுக்கையா பிடிச்சா, 85 லென்ஸுக்கு அதுக்காக 3.2 மீட்டர் தள்ளி நிக்கணும். 28க்கு ஒரு மீட்டரும் ஒரு சாண் கூட இல்லாத தூரமும் போதும்.

எட்வர்ட் ஹால்னு ஒரு அமெரிக்க மானுடவியலாளர், 1966ல வந்த புத்தகத்துல மனுஷங்க ஒருத்தருக்கொருத்தர் விட்டு நிக்கிற தூரத்தைப் பிரிச்சு எழுதினார். 45 சென்டிமீட்டர்ல இருந்து 120 சென்டிமீட்டர் வரைக்கும் தெரிஞ்சவங்க நின்னு பேசுற தூரம். அதுக்கு மேல மூணரை மீட்டர் வரைக்கும் அந்நியங்க, ஆபீஸ் விவகாரம், கடை கவுன்டர். அவர் பார்த்தது அமெரிக்க மத்தியதர வர்க்கத்தை. காலைல எட்டரை மணிக்கு 29சி பஸ்ல அவரை ஏத்தி விட்டிருந்தா அந்த அத்தியாயத்தையே கிழிச்சுப் போட்டிருப்பார். ஆனா அடிப்படை சரிதான். 85 நம்மளை அந்நியன் நிக்கிற இடத்துல நிறுத்துது. 28 பேசுற இடத்துல நிறுத்துது. ஒரு மீட்டர்ல போய் நின்னுட்டு ஒரு வார்த்தை பேசாம கேமராவைத் தூக்க முடியாது. தூக்கினா அது திருட்டு மாதிரி இருக்கும், இல்லன்னா சண்டை மாதிரி.

இன்னொண்ணு, பாரிமுனையில மூணு மீட்டர் தள்ளி நின்னு பாருங்களேன். உங்களுக்கும் அவருக்கும் நடுவுல ரெண்டு பைக், ஒரு மீன்பாடி வண்டி, பத்து பேர் போய்க்கிட்டே இருப்பாங்க.

இந்த லென்ஸை வச்சு சண்டை மாதிரியே எடுத்தவங்களும் உண்டு, அதுவும் பெரிய ஆளுங்க. வில்லியம் க்ளைன் நியூயார்க் தெருவுல வைட் லென்ஸோட ஆளுங்க மேல போய் விழுந்து எடுத்தார், 1956ல புத்தகமா வந்துச்சு. அதுல ஒரு பையன் துப்பாக்கியை நேரா கேமராவைப் பார்த்து நீட்டுவான், மூஞ்சி முழுக்க ஆத்திரம். பார்த்தா பயமா இருக்கும். அது க்ளைன் அந்தப் பையன்கிட்ட சொல்லி செய்ய வச்சது. கிட்ட நின்னு ஒருத்தன்கூட ஆடின விளையாட்டு. அதனாலதான் அந்தப் படத்துக்கு அவ்ளோ உயிர் இருக்குன்னு எனக்குத் தோணும். கேரி வினோக்ராண்டும் பெரும்பாலும் 28தான். 1984ல அவர் இறந்தப்ப சுமார் 2,500 ரோல் டெவலப் பண்ணாமயே கிடந்துச்சு. நம்ம ஃபோன் கேலரி தேவலாம்.

ப்ரூஸ் கில்டன் வேற ரகம். ஒரு கையில 28 மாட்டின கேமரா, இன்னொரு கையில ஃப்ளாஷ், எதிர்ல வர்றவங்க முகத்துக்கு நேரா போய் அடிப்பார். படத்துல சக்தி இருக்கு, மறுக்கவே மாட்டேன். ஆனா மின்ட் தெருவுல மூட்டை தூக்கிட்டு வர்ற ஒரு பெரியவர் முகத்துல அதை நான் அடிக்க மாட்டேன். நியூயார்க்ல ஃபர் கோட்டு போட்டுக்கிட்டு வர்றவருக்கு உன்னைத் திருப்பிக் கேக்குற தெம்பு இருக்கு. இங்க கேமரா வச்சிருக்கிறவன் ஐடி கம்பெனி டேக் போட்ட பையன், எதிர்ல நிக்கிறவர் தினக்கூலி. அவர் வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்றதே கஷ்டம்.

இதை நான் ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, வைட் லென்ஸ்ல ஒருத்தரைக் கேலிப் பொருளா மாத்துறது ரொம்ப ரொம்ப சுலபம். ரெண்டு அடி முன்னாடி போனா மூக்கு உருண்டை ஆயிடும். மேல இருந்து எடுத்தா தலை பெருசு, கால் சின்னது. ஓரத்துல வச்சா தலை பக்கவாட்டுல இழுத்துக்கும். அந்தப் படத்துக்கு லைக்கும் நிறைய வரும், "என்னா கேரக்டர் ப்ரோ"ன்னு. அந்தக் கேரக்டருக்கு வீட்டுல பேரப்பிள்ளைங்க இருப்பாங்க, அவங்க கையிலயும் ஃபோன் இருக்கும்.

அதனால முதல் விஷயம் உயரம். தெருவுல வேலை பாக்குறவங்க பாதிப் பேர் உக்காந்திருக்கிறவங்க. பூ கட்டுறவங்க, செருப்பு தைக்கிறவங்க, கீரை விக்கிறவங்க. நாம நின்னுக்கிட்டு குனிஞ்சு எடுத்தா, ஒரு மீட்டர் தூரத்துல தலைக்கும் காலுக்கும் தூர வித்தியாசம் பெருசு, அதனால ஆளே சுருங்கிப் போயிடுவார். 85ல தூரமா நின்னா இது அவ்ளோ தெரியாது. வைட்ல அப்பட்டமாத் தெரியும். கீழ உக்காருங்க. குந்த முடியாதுன்னா ஒரு செங்கல்லு, ஒரு கவுத்துப் போட்ட பக்கெட்டு, எதாவது கிடைக்கும். கேமரா அவங்க நெஞ்சு உயரத்துல, மேலயும் கீழயும் சாயாம நேரா இருக்கட்டும். பேன்ட் அழுக்காகும். ஆகட்டும். உக்காந்ததுக்கு அப்புறம் பேச்சே வேற மாதிரி ஆயிடும், அது போனஸ்.

ரெண்டாவது, ஃப்ரேமோட ஓரம். கல்யாண குரூப் ஃபோட்டோவுல ஓரத்துல நின்ன சித்தி மட்டும் ஏன் குண்டாத் தெரியறாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? நேர்கோட்டை நேர்கோடாவே காட்டணும்கிறதுக்காக லென்ஸ் ஓரங்களை வெளிப்பக்கமா இழுக்குது. 28 எம்எம்ல வலது இடது ஓரத்துல இந்த இழுவை சுமார் 19 சதவீதம், மூலையில 26. நடுவுல ஒண்ணுமே இல்ல. அப்போ தலையை நடுவுல, இல்ல நடுவுக்குப் பக்கத்துல வைங்க. மூன்றில் ஒரு பங்கு விதின்னு ஒண்ணு சொல்லிக் கொடுத்திருப்பாங்களே, முகத்தைக் கோட்டுல வைன்னு, அதை இங்க கொஞ்சம் மறந்துடலாம். இழுபடணும்னா கதவு இழுபடட்டும், சுவர் இழுபடட்டும், அதுங்களுக்கு மானம் போகாது. கையையும் கவனிங்க. கேமரா பக்கம் நீட்டின கை முகத்தைவிடப் பெருசா வந்து நிக்கும். சில சமயம் அதுவேதான் வேணும். மீன் வெட்டுற கை, பூ கட்டுற கைன்னா முன்னாடி வரட்டும்.

ஃபோகஸ் பத்தி சுருக்கமா. எஃப் 8ல வச்சு, ஃபோகஸை 1.2 மீட்டர்ல பூட்டிடுவேன். 28 எம்எம்ல அப்போ சுமார் 90 சென்டிமீட்டர்ல இருந்து 1.9 மீட்டர் வரைக்கும் எல்லாம் தெளிவா இருக்கும். பேசிக்கிட்டே எடுக்கிறப்ப ஆளு முன்னாடி பின்னாடி அசைஞ்சாலும் கவலை இல்ல. ஷட்டர் 250ல ஒண்ணு, ஐஎஸ்ஓவை ஆட்டோல விட்டுடுங்க. நம்ம ஊர் வெயிலுக்கு ஒன்பது மணிக்கு மேல கடையோட நிழல்ல நிக்க வச்சு எடுங்க. உச்சி வெயில்ல எடுத்தா கண்ணு இருக்கிற இடத்துல ரெண்டு குழிதான் இருக்கும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, கேமராவை முகத்துக்கு முன்னாடி தூக்கவே வேண்டாம். எல்லாம் ஏற்கெனவே செட் ஆகி இருக்கு, லென்ஸும் அகலம். நெஞ்சு உயரத்துல பிடிச்சுக்கிட்டு அவங்க கண்ணைப் பார்த்துப் பேசலாம். அவங்க என்னைப் பார்ப்பாங்க, கேமராவை மறந்துடுவாங்க. படத்துல பார்வை லென்ஸுக்கு ஒரு சாண் மேல போற மாதிரி இருக்கும். இது குறைன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோணல. யாரோ ஒருத்தர்கிட்ட பேசிட்டு இருக்கிற முகம்னு பார்த்ததும் தெரியுது. நேரா பார்வை வேணும்னா கடைசியா ஒண்ணு, "அண்ணே, இங்க பாருங்க"ன்னு சொல்லி எடுத்துக்கலாம்.

இப்ப வைட்டோட உண்மையான லாபத்துக்கு வர்றேன். பின்னாடி இருக்கிறது.

மந்தைவெளியில ஒரு தெருவுல இஸ்திரி வண்டி வச்சிருக்கிற அக்கா ஒருத்தங்க. இன்னும் கரி போடுற பெட்டிதான். நான் போய், "அக்கா, உங்களை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டேன்.

"எந்த சேனல் தம்பி?"

"சேனல் எல்லாம் இல்லக்கா. நானே எடுக்கிறேன். உங்களுக்கும் பிரிண்ட் போட்டுக் கொண்டாந்து தர்றேன்."

கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. ஒரு சட்டையை முழுசா தேய்ச்சு மடிச்சு வச்சாங்க. அப்புறம் கேட்டாங்க, "வண்டியும் வருமா?"

"வருங்க்கா."

"பெட்டி?"

"அதுவும் வரும்."

உடனே வேலை ஆரம்பிச்சது. மேல கிடந்த துவைக்காத துணி மூட்டையை எடுத்து வண்டிக்குப் பின்னாடி போட்டாங்க. தேய்ச்சு அடுக்கின துணியை முன்னாடி கொண்டாந்து வச்சாங்க. வண்டியில சாமி படம் ஒண்ணு ஒட்டியிருந்தாங்க, அது மேல இருந்த புழுதியை முந்தானையால துடைச்சாங்க. எந்தத் தண்ணி பாட்டிலைத் தூக்கணும், எந்த பல்பு எரியணும்னு எல்லாம் அவங்களே முடிவு பண்ணாங்க. நான் வெறுமனே நின்னேன். அப்புறம் பெட்டி கைப்பிடி மேல கையை வச்சுக்கிட்டு, "ம், எடு"ன்னாங்க.

85 எம்எம், எஃப் 1.8ல இதை எடுத்திருந்தா? அழகான முகம், பின்னாடி பழுப்பு நிறத்துல ஒரு கலங்கல். அவங்க கால் மணி நேரம் செஞ்ச ஏற்பாடு மொத்தமும் அந்தக் கலங்கலுக்குள்ள போயிருக்கும். அவங்களைப் பொறுத்த வரைக்கும் வண்டி பேக்கிரவுண்ட் கிடையாது, படமே அதுதான். நான் முகத்தை எடுக்கப் போனேன், அவங்க தன்னோட கடையை எடுக்கச் சொன்னாங்க. ரெண்டும் ஒரே ஃப்ரேம்ல வர்றதுக்கு பேசுற தூரத்துல நிக்கிற ஒரு வைட் லென்ஸ் வேணும்.

ரிச்சி ஸ்ட்ரீட்லயும் இதேதான். மொபைல் போர்டு சரி பண்ற கடை சிலது நாலடி அகலம்கூட இருக்காது. சால்டரிங் அயர்ன், மைக்ரோஸ்கோப், சுவர் முழுக்க டிஸ்ப்ளே தொங்கும், நடுவுல ஒருத்தர். அந்தக் கடைக்குள்ள 85 மாட்டினா காது மட்டும்தான் கிடைக்கும். 28ல அவர் உலகமே வரும். ஒரு எச்சரிக்கை: எல்லாம் தெளிவா வர்றதால, குப்பையும் தெளிவா வரும். தலைக்குப் பின்னாடி கம்பம் முளைச்சிருக்கா, மேஜை மேல கஸ்டமர் ஃபோன்ல யாரோட ஃபோட்டோவாவது திறந்திருக்கான்னு பார்த்துக்கங்க. வைட்ல பின்னணியைத் திருத்துறதுக்கு ஒரே வழி, அரை அடி இடது வலது நகர்றது. அரை அடியில முழுப் படமும் மாறும்.

வேண்டாம்னு சொல்றவங்க? நிறைய பேர் சொல்லுவாங்க. "சரிங்கண்ணே"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடணும். ரெண்டாவது தடவை கேக்குறதுல்ல, தூரமா போய் நின்னு ஜூம் பண்றதும் இல்ல. குழந்தைங்களைப் பெத்தவங்க பக்கத்துல இல்லாம எடுக்கிறதே இல்ல. சிலர் எடுத்ததுக்கு அப்புறம் காட்டச் சொல்லுவாங்க, பிடிக்கலன்னா அவங்க முன்னாடியே அழிச்சிடுவேன். அதுல ஒண்ணு ரெண்டு நல்ல படமும் போயிருக்கு. முகம் அவங்களோடது.

அப்புறம் எல்லாரும் கேக்குற கேள்வி, "இதை எங்க போடுவ?" இதுக்குப் பூசி மெழுகாம பதில் சொல்லணும். இன்ஸ்டால போடுவேன்னா போடுவேன்னு சொல்லுங்க, திறந்து காட்டுங்க. வீட்டுல தெரிஞ்சா பிரச்சினைன்னு சொல்றவங்க இருக்காங்க. தெருவுல வேலை செய்யறதைச் சொந்த ஊர்ல சொல்லாதவங்க இருக்காங்க. அவங்க படம் என் ஹார்ட் டிஸ்க்லயே இருக்கட்டும். போடுறப்ப கேப்ஷன்ல "வறுமையிலும் சிரிப்பு" மாதிரி ஏதாவது எழுதினீங்கன்னா தயவுசெஞ்சு இந்த பாட்காஸ்ட்டை அன்ஃபாலோ பண்ணிடுங்க. [சிரிப்பு] அவர் சிரிச்சது நீங்க சொன்ன மொக்கை ஜோக்குக்கு. அதை எழுதுங்க.

பிரிண்ட் கொடுக்கிறேன்னு சொன்னா கொடுத்தே ஆகணும். நாலுக்கு ஆறு சைஸ் போதும், ஒரு டீ காசுல கொஞ்சம் கூட ஆகும், அவ்ளோதான். இஸ்திரி அக்காவுக்கு நான் கொண்டு போனதைப் பார்த்துட்டு முதல்ல சொன்னது, "கரி தெரியுது பாரு"ன்னு. பெட்டிக்குள்ள கங்கு சிவப்பாத் தெரிஞ்சது அவங்களுக்கு சந்தோஷம். என் கண்ணுக்கு அதுவரைக்கும் அது படவே இல்ல. இன்னொரு காப்பி கேட்டாங்க, ஊருக்கு அனுப்ப.

கடைசியா, லென்ஸ் வாங்க காசு இல்லன்னு சொல்றவங்களுக்கு. உங்க ஃபோனோட மெயின் கேமரா, ஒன் எக்ஸ்னு போட்டிருக்கே, அதுவே பெரும்பாலும் 24, 26 எம்எம்க்குச் சமமான வைட் லென்ஸ்தான். இன்னைக்கு நான் சொன்னதெல்லாம் அதுலயே செய்யலாம், ஒரு மீட்டர் தூரத்துல நின்னு. பாயின்ட் ஃபைவ் மட்டும் வேண்டாம், அது கட்டடத்துக்கும் ஃப்ரெண்ட்ஸைக் கலாய்க்கிறதுக்கும். போர்ட்ரெய்ட் மோடையும் அணைச்சு வைங்க, அது வண்டியை அழிச்சிடும்.

வர்ற ஞாயித்துக்கிழமை விடியக்காலைல நான் காசிமேடு போறேன், மீன் ஏலம் நடக்கிற இடத்துக்கு. அங்க ஃபோகஸைப் பூட்டுறதோட சேர்த்து லென்ஸை உப்புத்தண்ணியில இருந்து காப்பாத்துறதும் ஒரு வேலை. அது அடுத்த எபிசோட்ல. பை மக்களே.